முருங்கை பிடிக்காத மண்

முதல் கம்பு பத்தொன்பது நாளில் அழுகியது. பிடுங்கிப் பார்த்தபோது மண்ணுக்குள் இருந்த பாகம் கறுத்துப்போய், தோல் கையோடு வழுகி வந்தது. நாற்றம் வேறு. அதை வீட்டுக்குப் பின்னால் எறிந்துவிட்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்து என் கணவர் ததேயுஸை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆளில்லாத வீட்டில் இருப்பதில் அது ஒரு வசதி. குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை.

எங்கள் சொந்த வீடு குளச்சலை அடுத்த ஒரு கடற்கரை ஊரில் இருந்தது. கடல் வருடாவருடம் உள்ளே வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு வரிசை வீடுகள் போய், எங்கள் சுவரிலும் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்தது. கத்தாரில் வேலை பார்க்கும் மகன் பிரைட்டன், இனி கடப்புறம் வேண்டாம் என்று இரணியல் பக்கம் இடம் வாங்கி வீடு கட்டினான். மூன்று படுக்கையறை, மாடிக்கு வெளிப்படி, வாசலில் கார் நிறுத்த இடம். மருமகள் ஜெனிலாவும் பிள்ளைகளும் அவனோடு கத்தாரில் இருக்கிறார்கள். எங்களிடம் காரும் இல்லை. தை மாதம் பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லி வீட்டை மந்திரித்தார். ததேயுஸ் அங்கே ஒரே ஒரு இரவு படுத்தார். விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"எங்க போறிய?" என்று கேட்டேன்.

"இங்க ஒரு சத்தமும் இல்லட்டி. ஒறக்கம் வரல்ல."

ஒரு இரவில் எப்படித் தெரியும் என்று நான் கேட்க, கடல் கண்ணில் படாத இடத்தில் ஒரு நாளே அதிகம் என்று அவர் சொல்ல, சண்டை முற்றியது. மகன் வெயிலில் காய்ந்து கட்டிய வீட்டை மதிக்காத மனிதனோடு பேச்சில்லை, இனி அந்தக் கரையை நான் மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் அப்படித்தான், சொல்லிவிட்டுத்தான் யோசிப்பேன். அவர் வாசலில் நின்று, செடி என்று பெயருக்கு ஒன்றுகூட இல்லாத சிவந்த முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"நம்ம முருங்கை இந்த மண்ணுல பிடிக்கட்டு. பொறவு நான் வாறேன்."

நம்ம முருங்கை என்றால், கடற்கரை வீட்டில் கிணற்றோரம் நின்ற மரம். பிரைட்டன் பிறந்த வருடம் அவர் நட்டது. உப்புக்காற்றில் மற்ற எல்லாம் கருகிப்போகும், அது மட்டும் காய்த்துத் தள்ளும். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் சும்மா தட்டிக்கழிக்கிறார் என்று விட்டிருப்பேன். ததேயுஸ் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல. முப்பத்தெட்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஆகவே எனக்கு வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தக் கம்பு இந்த மண்ணில் பிடித்தாக வேண்டும்.

பங்குனியில், இரண்டு மாதம் தனியாக இருந்து பார்த்தபின், கம்பு வாங்கத்தானே போகிறோம், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். ததேயுஸ் அப்போது, வெடித்த வீட்டில் படுக்க முடியாமல், கோயிலுக்குப் பின்னால் வலை வைக்கும் புரையில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு, கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் கண்முன்னால் மரத்தில் ஏறி, மணிக்கட்டுக் கனத்தில் ஒரு கம்பு வெட்டித் தந்தார். வெட்டிய இடத்தில் பிசுபிசுவென்று நீர் கசிந்தது. இரண்டு பேரும் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவர் பஸ் கிளம்பும்வரை அங்கேயே நின்றார்.

அந்தக் கம்புதான் அழுகியது.

நான் ஒன்றும் செடி வளர்க்கத் தெரியாதவள் அல்ல. ஆனால் எனக்குத் தெரிந்த மண், மணல். மணலுக்கு எவ்வளவு ஊற்றினாலும் போதாது. காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம், ஊற்றி முடிப்பதற்குள் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று நிற்கும். மீன் கழுவிய தண்ணீர், மீன் குடல், கருவாடு போட்ட பானையில் ஊறி நிற்கும் உப்புநீர் எல்லாவற்றையும் மரத்து மூட்டில், வேரடியில்தான் கொட்டுவோம். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மணல் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு மழை பெய்தால் எல்லாம் கீழே இறங்கிப் போய்விடும். அதே கையோடு இங்கேயும் வந்தேன். காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம். சைக்கிள் மீன்காரனிடம் வாங்கும் சாளையில் தின்று மிஞ்சியதை உப்பில் போட்டு, வடிந்த நீரைக் கம்பின் மூட்டில் ஊற்றினேன்.

அந்த நாட்களில் என்னிடம் பேச யாரும் வந்ததில்லை. சுற்றிலும் வாழைத்தோட்டம், தென்னை, மரச்சீனி. தூரத்தில் நாலைந்து வீடுகள். எல்லாரும் வேறு சபை, ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்து வேறு திசையில் போவார்கள். என்னைக் கண்டால் தலையை ஆட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். பகலில் டிவியைப் போட்டு வைப்பேன், பார்ப்பதற்கு அல்ல, ஒரு மனிதக் குரல் கேட்பதற்கு. நாலு மாதத்தில் முதன்முதலாக என்னிடம் பேசியவள் பக்கத்து வாழை விளைக்காரி தங்கபாய். மதிலுக்கு மேலே தலை தெரிந்தது.

"மீனு கழுவின வெள்ளத்த இங்கயா ஊத்துதீங்க? நாத்தம் தாங்க முடியல்ல."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. ஒருத்தி என்னிடம் வந்து பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில், "ஆமா, முருங்கைக்கு ஊத்துதேன், பிடிக்கல்ல" என்று சொல்லி மதிலோரம் போய் நின்றுவிட்டேன். சண்டை போட வந்தவளுக்கு அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. சற்று நேரத்தில் வாசல் வழியாக உள்ளேயே வந்துவிட்டாள்.

தங்கபாய்க்கு அறுபது இருக்கும். கணவர் இறந்தபின் ஒன்றரை ஏக்கரைத் தனியாகப் பார்க்கிறவள். முதலில் மண்வெட்டியை எடுத்து நான் கம்பு நட்ட இடத்தை வெட்டினாள். இரண்டு அடிவரை சிவப்புச் சரல் வந்தது, மண்வெட்டி பட்டால் ணங் என்று கேட்கும் மண். அதற்குக் கீழே திடீரென்று கறுப்பாக, வழவழவென்று வேறொரு மண். அதில் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தொட்டு உள்ளங்கையில் உருட்டினாள். முறியாமல் விரல் நீளத்துக்குத் திரியாக நீண்டு வந்தது.

"கண்டியளா? இது களி. இந்த எடம் வயலாக்கும். ஒங்களுக்கு வித்தவன் மலையிலேருந்து லாரியில சரல் கொண்டுவந்து வயலுக்கு மேல அடிச்சு நெரத்தியிருக்கான். நீங்க ஊத்துத வெள்ளம் சரல் வழியா எறங்கும், களியில போய் நிக்கும். கீழ போக்கு கெடையாது. முருங்கைக்கு மூட்டுல வெள்ளம் நின்னா ஆகாது."

"எங்க மணல்ல எம்புட்டு ஊத்தினாலும்..."

"ஒங்க மணல விடுங்க. இது ஒங்க மணலில்ல."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இளக்காரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று மாலைவரை அந்தச் சொல் எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

இதற்கு நடுவே சித்திரையில் ஒரு நாள் டிவியில் கள்ளக்கடல் என்று சொன்னார்கள். காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, நல்ல வெயிலில் சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வரும் கடல் அது. போன் செய்தேன். ததேயுஸ், "கொஞ்சம் வெள்ளம் கேறிச்சு, அவ்வளவுதான். நீ எதுக்குப் பேடிக்க" என்று தைரியம் சொன்னார். வைகாசியில் இரண்டாவது கம்புக்குப் போனேன். இந்த முறை அவர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சிலுவை நிற்கும் குருசடியிலேயே, ஈரச்சாக்கில் சுற்றிய கம்போடு காத்திருந்தார். என் முட்டுவலிக்கு மணலில் நடக்க வேண்டாமாம். டீ வாங்கித் தந்தார். குருசடிப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வீட்டில் குழாயில் தண்ணீர் வருகிறதா, பிரைட்டன் கூப்பிட்டானா என்று கேட்டார். மண் எப்படி என்றும் கேட்டார். அந்தக் கம்பும் போயிற்று. நான் தண்ணீரைக் குறைத்தேனே தவிர, மீன் நீரை நிறுத்தவில்லை. உரம் ஆயிற்றே என்று ஒரு எண்ணம்.

ஆனியில் தங்கபாய் மண்ணை விவசாய ஆபீசில் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னாள். எடுக்க வேண்டிய விதத்தையும் சொன்னாள். மேலே உள்ள புல்லை நீக்கி, மண்வெட்டி ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்துப்போல வெட்டி, பக்கத்திலிருந்து ஒரு சீவல் எடுக்க வேண்டும். அப்படிப் பல இடத்தில் எடுத்து, சாக்கில் கொட்டிக் கலக்கி, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே செய்ய வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தேன், ஒன்றைத் தவிர. பல இடத்தில் எடுக்கச் சொன்னாளே, எனக்கு மற்ற இடத்தைப் பற்றி என்ன கவலை? முருங்கை நிற்கவேண்டிய இடம் எப்படி என்று தெரிந்தால் போதாதா? அந்த ஒரே இடத்தைச் சுற்றியே மண் எடுத்துக் கட்டினேன். படிவத்தில் பயிர் என்ற இடத்தில் முருங்கை என்று எழுதினேன். எத்தனை ஏக்கர் என்ற இடத்தில் ஒரு மரம் என்று எழுதினேன். வாங்கிக்கொண்ட பெண் பேனாவைக் கடித்தாள்.

முடிவு வாங்கப் போன அன்று உள்ளிருந்து ஒரு அதிகாரி தாளோடு வந்தார். "நிலம் கடற்கரைப் பக்கமா?" என்று கேட்டார்.

"இல்ல சார், இரணியல் பக்கம்."

"அப்படியா. அந்தப் பக்கத்து மண்ணுக்குப் புளிப்பு உண்டு, அது எதிர்பார்த்ததுதான், சுண்ணாம்பு போட்டா சரியாயிடும். ஆனா இதுல உப்பு ரொம்பக் கூடுதலா இருக்கே. கடலோர மண்ணுலதான் இவ்வளவு பாத்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. அவர் பயந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டார். நாலு மாதமாக நான் அந்த வீட்டு முற்றத்தில், நாலடிக்கு நாலடி இடத்தில், உப்பு ஊற்றிக் கடற்கரை செய்துகொண்டிருந்திருக்கிறேன். களி அந்த உப்பை ஒரு துளியும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

அதன் பிறகு தங்கபாய் சொன்னதை அப்படியே செய்தேன். இடத்தை மாற்றினேன். இடுப்பு உயரத்துக்கு மேடு கட்டினேன். சரலும் மட்கிய இலையும் பழைய சாணியும் கலந்து, சுண்ணாம்பு தூவி, மூன்று வாரம் மழையில் விட்டேன். கருவாட்டு நீரைக் கழிவுக் குழியில் கொட்டினேன். ஆவணியில் போய் மூன்றாவது கம்பு வாங்கி வந்தேன், அதுவும் குருசடியில் வைத்துத்தான். தங்கபாய் தன் மரத்திலிருந்தும் ஒரு கம்பு கொண்டுவந்து, ஒரு முழம் தள்ளி அதே மேட்டில் குத்தினாள். மண்ணின் குற்றமா கம்பின் குற்றமா என்று தெரிய வேண்டாமா என்றாள்.

பன்னிரண்டாம் நாள் தங்கபாயின் கம்பில் பச்சை முளை விட்டது. இருபதாம் நாள் விரல்நீளத் தளிர். எங்கள் கம்பு சும்மா நின்றது. தங்கபாய் நகத்தால் அதன் தோலைச் சுரண்டினாள். உள்ளே பச்சை இல்லை, காய்ந்த விறகின் நிறம்.

"குளோரி, இது இங்க வந்து சாவல்ல. செத்துத்தான் வந்திருக்கு. வெட்டி மாசக்கணக்கு இருக்கும்."

ததேயுஸ் மேல் அப்படிக் கோபம் வந்தது. வர இஷ்டமில்லை என்றால் வரமாட்டேன் என்று சொல்லவேண்டியதுதானே. காய்ந்த விறகைச் சாக்கில் சுற்றிக் கொடுத்து, அதற்கு நான் மேடு கட்டி, சுண்ணாம்பு தூவி, தினமும் காலையில் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்து, எவ்வளவு பெரிய பைத்தியக்காரி ஆக்கிவிட்டார் என்னை. அடுத்த நாளே பஸ் ஏறினேன். சொல்லவில்லை. குருசடியில் நிற்காமல் நேராக மணலில் இறங்கி நடந்தேன், முட்டுவலியோடு.

வீடு இருந்த இடத்தில் கடல் இருந்தது. சுவரோ கிணறோ மரமோ இல்லை. தடுப்புக்குக் கொட்டிய பாறைகள்கூட ஒரு பக்கம் சரிந்து கிடந்தன. எந்த இடத்தில் அடுக்களை இருந்தது என்று கணக்குப் பார்த்து நிற்க முயன்றேன், முடியவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு, கோயிலுக்குப் பின்னால் புரைக்குப் போனேன். ததேயுஸ் இல்லை. அவர் பாய்க்குப் பக்கத்தில், ஈரச்சாக்குக்குள், ஒரே நீளத்தில் வெட்டிய முருங்கைக் கம்புகள் அடுக்கியிருந்தன. எண்ணினேன், ஏழு. எல்லாம் காய்ந்தவை. சாக்கில் அன்று காலை தெளித்த ஈரம் இருந்தது.

அவர் வந்து வாசலில் நின்றார். என்னையும் சாக்கையும் பார்த்தார். "வந்தியா?" என்றார்.

"மரம் எப்பப் போச்சு?"

"சித்திரையில. நீ போன் பண்ணினேல்லா, அன்னைக்குத்தான். பேசி வச்சிட்டுத் திரும்புதேன், வீட்டோட சேத்து வெள்ளத்துல கெடக்கு. கொம்ப மட்டும் வெட்டி எடுத்தேன்."

"அத எங்கிட்டச் சொன்னா என்னவாம்?"

அவர் வலையை மடியில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஊசியைத் தேடினார். கிடைத்த பிறகும் கோர்க்கவில்லை.

"சொன்னா நீ பொறவு வரமாட்டேல்லா. இந்தக் கரைய மிதிக்கமாட்டேன்னு சொன்னவதானே. கம்பு உண்டுன்னா வருவே. வந்து ஒரு மணி நேரம் இருப்பே."

எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டேன். கடைசியில் நான் கேட்க நினைக்காத ஒன்றைக் கேட்டேன்.

"மொதக் கம்பு பிடிச்சிருந்தா வந்திருப்பியளா?"

"வந்திருப்பேன். சொன்ன சொல்லுல்லா." ஊசியை வலையில் குத்திவைத்து, "அப்ப மனசிருந்துச்சு" என்றார்.

"இப்ப?"

"இப்ப வீடும் போச்சு, மரமும் போச்சு. நானும் போயிட்டா பொறவு நமக்கு இங்க என்ன இருக்கு, ஏட்டி?"

உயிரோடு வந்த கம்பு அது ஒன்றுதான். அது பிடித்திருந்தால் இந்த மனிதர் இன்று அந்த வீட்டில், சத்தமில்லை சத்தமில்லை என்று புலம்பிக்கொண்டாவது, என் பக்கத்தில் இருந்திருப்பார். அதை என் கையாலேயே கொன்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அத நான்தான் கெடுத்தேன். கருவாட்டு வெள்ளம் ஊத்தி. மண்ணெல்லாம் உப்புன்னு ஆபீசுல சொன்னாவ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நம்ம மரத்துக்கு நாம அதத்தானே ஊத்தினோம். ஒனக்கு எப்படித் தெரியும்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் எழுந்து வரவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பழக்கம் இல்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கஞ்சிக்கு அரிசி போட்டார். நான் முகத்தைக் கழுவிவிட்டு இரண்டு சாளையைச் சுட்டேன். தின்றோம். பக்கத்து வீட்டுக்காரியின் கம்பு பிடித்திருக்கிறது, மண் இப்போது நன்றாக இருக்கிறது என்றேன். கொள்ளாம், நல்ல காரியம் என்றார். அவள் எப்படிப்பட்டவள், பேச்சுத்துணைக்கு ஆவாளா என்று கேட்டார். ஆவாள் என்றேன். பிரைட்டனிடம் மரம் போனதைச் சொல்ல வேண்டாம் என்றார். அவர் வரமாட்டார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, நான் அங்கே தங்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஒரு பாய்க்கு மட்டும்தான் அந்தப் புரையில் இடம் இருந்தது.

பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். மணலில் என் வேகத்துக்கு நடந்தார். கக்கத்தில் ஈரச்சாக்கு இருந்ததைக் குருசடி வந்த பிறகுதான் கவனித்தேன். பஸ் வந்ததும் அதை என் பக்கம் நீட்டினார். உள்ளே இருந்த கம்பு செத்தது என்று இருவருக்கும் தெரியும். வாங்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இனி எப்ப வருவே?" என்று கீழே நின்று கேட்டார்.

"இது பிடிக்கல்லன்னு ஆகட்டு, வந்திருதேன்" என்றேன்.